அத்துவிதத்தில் அன்பிற்கு இடமுண்டோ?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பூசை முடிந்து கோயில் வீதியாலே திரும்பிக் கொண்டிருந்தபோது, நமக்கு அறிமுகமான மாணவி ஒருத்தி நம்மை நிறுத்தி ஒரு வினாவை எழுப்பினாள். உயர்தர வகுப்பிலே இந்து நாகரிகத்தை ஒரு பாடமாகப் பயில்பவள் அவள். நெற்றியில் திருநீறு, கையிலே அருச்சனைத் தட்டு. "ஐயா, பிரமம் ஒன்றே உண்மை, சீவனும் பிரமமும் வேறல்ல என்பது சங்கரருடைய கொள்கை என்று படித்தோம். அப்படியானால் கும்பிடுவது யார்? கும்பிடப்படுவது யார்? தன்னைத் தானே கும்பிடுவதென்றால் அது நாடகம் அல்லவா?" என்று கேட்டாள். உடன் வந்த தந்தையார் சிரித்துக்கொண்டே, "அது மாயாவாதம், பிள்ளை. எங்களுக்கு அது வேண்டாம்" என்று கூறி அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

தந்தையார் கூறியது நமது நாட்டுச் சைவ மரபின் குரல். அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞானசித்தியாரின் பரபக்கத்திலே பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும்போது மாயாவாதத்தையும் விடாது மறுத்துள்ளார். அந்நூலைக் கற்றவர்கள் நிறைந்த மண் இது. எனினும், ஒரு கொள்கையை வேண்டாம் என்று தள்ளுவது வேறு. அக்கொள்கை உடையார் இந்த வினாவை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று அறிந்து தள்ளுவது வேறு. அந்தப் பெண்பிள்ளையின் வினா தூக்கி எறியத்தக்கதன்று. நமது வீடுகளிலே நாள்தோறும் பாடப்படுகின்ற தாயுமான சுவாமிகளே இவ்விடரிலே நின்று தத்தளித்தவர். பனி தூங்கும் மலரிலும் இறைவனையே கண்டமையால் அதனைக் கொய்ய அவருக்குக் கை எழவில்லை. அகத்தே அவன் இருத்தலால், புறத்தே நோக்கிக் கைகுவிக்கவும் நாணினார். பாதிக் கும்பிடாய் நின்றுவிட்டதாக அவரே பாடியுள்ளார். இரண்டற்ற நிலையை உண்மையென்று கொண்டவனுடைய கை, கும்பிடுவதற்கு எவ்வளவு தூரம் எழும் என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

முதலிலே சங்கரரிடம் செல்வோம். கேரள நாட்டுக் காலடியிலே தோன்றிய அவர் எட்டாம் நூற்றாண்டினர் என்பது பெரும்பாலார் துணிபு. அவர் கொள்கையிலே பிரமம் குணங்குறி அற்றது. அதுவே நிர்க்குணப் பிரமம். உலகைப் படைத்து, காத்து, அருள்புரியும் ஈசுவரன் என்பது அதே பிரமம் மாயையோடு கூட்டி நோக்கப்பட்ட நிலை. அதுவே சகுணப் பிரமம். இதனைக் கேட்டவுடன் நம்மவர் பலர், "பார்த்தீர்களா, கடவுளையே பொய் என்று கூறிவிட்டார்" என்று எழுந்து விடுவர். இங்கேதான் ஒரு பிழை நேர்கின்றது. சங்கரர் உண்மையை விவகார நிலை என்றும் பரமார்த்த நிலை என்றும் பிரித்துப் பேசுகின்றார். விவகார நிலையிலே "நான்" என்று ஒருவன் நிற்கும் வரையில், அவனுடைய வீடு எவ்வளவு உண்மையோ, அவன் பசி எவ்வளவு உண்மையோ, அவ்வளவுக்கு ஈசுவரனும் உண்மை. அவை யாவற்றிற்கும் தலைவனும் அவனே. கனவிலே தாகங்கொண்டவனுக்குக் கனவுத் தண்ணீர்தான் தாகம் தீர்க்கும். ஈசுவரன் என்னும் வேறுபாடு மறையும்போது அடியான் என்னும் வேறுபாடும் அதனோடு மறைகின்றது. கடவுளை மாத்திரம் கரைத்துவிட்டுத் தான் கரையாமல் இருந்துகொண்டு "நானே பிரமம்" என்று மார்தட்டுபவனுக்குச் சங்கரர் நூல்களிலே எங்கும் இடமில்லை. அத்தகையோர் நம் நாளிலே பலர் உளர் என்பது வேறு விடயம்.

ஆகவே வழிபாட்டைச் சங்கரர் விலக்கவில்லை. அதற்கு நியாயமும் காட்டினார். எங்கும் நிறைந்த பொருளைச் சிறியதோர் இடத்திலே வைத்து எண்ணுவது எவ்வாறு பொருந்தும் என்ற வினா பிரமசூத்திரத்திலே எழுகின்றது. அதற்கு உரை காணுமிடத்துச் சங்கரர் சாளக்கிராமத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். கையளவு கல்லிலே திருமாலை வழிபடுவதனால் திருமால் கையளவினன் ஆகிவிடுவதில்லை. வழிபடுவோன் மனம் பற்றிக்கொள்வதற்கு அஃது ஓர் இடம். தத்துவ நூலின் நடுவிலே வீட்டுப் பூசையறைக் கல்லைக் கொணர்ந்து வைக்கும் இந்த இயல்பு நம்மை மிகவும் கவர்கின்றது. அவர் வழிவந்த சிருங்கேரி மடத்திலே, நாள் முழுதும் வேதாந்தம் உரைக்கும் ஆசாரியர் இரவிலே சந்திரமௌலீசுவரருக்குத் தம் கையாலேயே பூசை செய்யும் வழக்கமும் இருந்து வருகின்றது.

கீதைக்கு அவர் எழுதிய உரையிலே இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். ஏழாம் அத்தியாயத்திலே கண்ணன் அடியார்களை நால்வகையாகப் பகுக்கின்றான்: துன்புற்றவன், அறிய விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி. இந்நால்வருள்ளே ஞானியைத் தன் ஆன்மாவாகவே கொள்வதாகக் கூறுகின்றான். ஞானியும் அடியார் வரிசையிலேதான் நிற்கின்றான் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இறுதி அத்தியாயத்திலே பேசப்படும் மேலான பத்தியை விளக்குமிடத்து, இந்த நான்காம் வகையினனுடைய பத்தி ஞானத்தையே இலக்கணமாக உடையது என்று சங்கரர் உரைக்கின்றார். அஃதாவது, பத்தி முற்றிய இடத்திலே அதற்கும் ஞானத்திற்கும் வேறு வேறு பெயர் வேண்டியதில்லை. அவர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணியும், தன் உண்மைச் சொரூபத்தை இடையறாது நாடுவதே பத்தி என்று வரையறுக்கின்றது. அந்நூலும், சௌந்தரியலகரி முதலாய துதிகளும் அவர் வாக்குத்தானா என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். உபதேச சாகசிரிக்கு உள்ள உறுதி இவற்றிற்கு இல்லை. அவர் பெயரால் வழங்கும் ஆறு செய்யுட் துதி ஒன்றில் வரும் உவமை மாத்திரம் இங்கு சொல்லாமல் விடத்தக்கதன்று. அலைக்கும் கடலுக்கும் பேதமில்லை. ஆயினும் அலையைக் கடலுடையது என்போமேயன்றிக் கடலை அலையுடையது என்று எவரும் கூறார். பேதம் நீங்கிய பின்னும் நான் உன்னுடையவன், நீ என்னுடையவன் அல்லை என்று அடியான் இறைவனிடம் விண்ணப்பிக்கின்றான். பாடியவர் யாராயினும், அத்துவிதி ஒருவர் பாடிய துதியாகவே அந்த மரபு அதனைப் போற்றி வந்துள்ளது.

இத்தனைக்குப் பின்னும் அந்த மாணவியின் வினா தீர்ந்துவிட்டதாக நாம் கருதவில்லை. சங்கரர் வழியிலே பத்தி மனத்தைத் தூய்மை செய்கின்றது, ஒருமைப்படுத்துகின்றது, பின்பு ஞானமாகி விடுகின்றது. அங்ஙனமாயின் அஃது ஏணியே அன்றோ? மேலே ஏறியவனுக்கு ஏணி எதற்கு? இராமானுசர் முதலாயினார் இந்த இடத்தையே தாக்கினர். என்றோ ஒருநாள் இல்லையாகிவிடப் போகின்ற வேறுபாட்டின்மேல் எழுந்த அன்பு முழு அன்பாகாது; அன்பிற்கு இருவர் வேண்டும்; அவ்விருவரும் என்றும் இருத்தல் வேண்டும் என்பது அவர் தரப்பு. இது பலமான கட்சி. இதனை அத்துவிதிகள் உணராமலும் இல்லை. உணர்ந்து வருந்தியவர்களுள் ஒருவரைப் பற்றிய கதையை ஈண்டுக் கூறுவோம்.

அப்பைய தீட்சிதர் பதினாறாம் நூற்றாண்டினர். தொண்டைநாட்டு அடையபலம் அவர் ஊர். வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கன் அவரை ஆதரித்தான். அத்துவிதத்திலே பல்வேறு ஆசிரியர் கொண்ட வேறுபட்ட கருத்துகளையெல்லாம் தொகுத்துச் சித்தாந்தலேச சங்கிரகம் என்ற நூலை ஆக்கியவர் அவரே. சைவராகிய நீலகண்டர் பிரமசூத்திரத்திற்கு எழுதிய பாடியத்திற்குச் சிவார்க்கமணிதீபிகை என்னும் விரிந்த உரையை எழுதியவரும் அவரே. ஒரு கையிலே நிர்க்குணப் பிரமம். மறு கையிலே சிவபெருமான். இவருக்கு ஓர் ஐயம் உண்டாயிற்றாம்: "நான் கொண்டுள்ள சிவபத்தி உள்ளத்தின் ஆழத்திலே உள்ளதா? அல்லது கல்வியின் மேற்பூச்சா?" கற்றவன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது எளிது என்பதை அறிந்தவர் அவர். மாணாக்கரை அழைத்து, ஊமத்தையை உட்கொண்டு தாம் அறிவு மயங்கும் வேளையிலே தம் வாயிலிருந்து வருவதனை எழுதி வைக்கும்படி பணித்தாராம். நச்சுப் பொருள் அது, மரணமும் நேர்ந்திருக்கலாம். மயக்கத்திலே அவர் வாயிலிருந்து வந்தன சிவபெருமானிடம் தம்மை ஒப்புவிக்கும் ஐம்பது செய்யுட்கள். ஆத்மார்ப்பணத் துதி என்று அதற்குப் பெயர்.

கதை நடந்தவாறே நடந்ததா என்று நாம் வழக்காட வரவில்லை. இப்படி ஒரு கதையை இந்த மரபு பேணி வைத்திருப்பதே நமக்கு முக்கியம். தருக்கத்தினால் தீராத ஓர் ஐயத்தை, உயிரைப் பணயம் வைத்தேனும் தீர்க்க வேண்டும் என்று ஓர் அத்துவிதி எண்ணினார் எனின், பத்தி அவருக்கு வெறும் ஏணியாக இருந்திருக்க முடியாது.

இந்த வினாவை நூல் வாயிலாகவே நேர்நின்று எதிர்கொண்டவர் மதுசூதன சரசுவதி. நமது கருத்திலே இப்பொருளில் அவருக்கு இணை வேறொருவர் இல்லை. வங்கத்திலே தோன்றியவர், பின் காசியிலே துறவியாய் வாழ்ந்தவர், அவரும் பதினாறாம் நூற்றாண்டினரே. மத்துவ மதத்துப் பேராசிரியராகிய வியாசதீர்த்தர் நியாயாமிருதம் என்னும் நூலினால் அத்துவிதத்தை அடியோடு பெயர்க்க முயன்றபோது, அதனை வரிக்கு வரி மறுத்து அத்துவைதசித்தி என்னும் பெருநூலை மதுசூதனர் எழுதினார். உலகம் மித்தை என்பதை நிலைநாட்டுவதற்கு அதனினும் கூரிய நூல் இல்லை என்பர். அதே கை பத்திரசாயனம் என்ற நூலையும் எழுதியது. இராமசரிதமானசத்தை நாட்டுமொழியிலே பாடிய துளசிதாசரை அவர் பாராட்டினார் என்பதும் வழிவழி வந்த செய்தி.

பத்திரசாயனத்திலே அவர் மனத்தை அரக்கிற்கு ஒப்பிடுகின்றார். அரக்கு இயல்பிலே இறுகியது. வெம்மை பட்டால் இளகும். இளகிய வேளையிலே அதன்மேல் பதிந்த உருவம், அது மீண்டும் இறுகிய பின்னர் அழியாது நிற்கும். மனத்தை இளக்குகின்ற வெம்மைகள் பல: ஆசை, கோபம், அச்சம், அன்பு, மகிழ்ச்சி, துயரம், இரக்கம். அவ்வாறு இளகிய மனத்திலே இறைவன் பதிந்து, அம்மனம் அவனை நோக்கி இடையறாத ஒழுக்காய் ஓடுவதே பத்தி. நமது தாய்மார் தேவாரம் கேட்டு உருகும்போது "நெஞ்சு இளகிப் போச்சு" என்று சொல்லும் சொல்லுக்கு அத்துவித ஆசிரியர் ஒருவர் வகுத்த இலக்கணம் இது என்று கொண்டால் தவறில்லை.

பத்தியும் பிரமவித்தையும் ஒன்றா என்ற வினாவையும் அவர் எழுப்புகின்றார்; அல்ல என்றே விடையிறுக்கின்றார். அவற்றின் இயல்பு வேறு, சாதனம் வேறு, பயன் வேறு, தகுதியுடையார் வேறு. பிரமவித்தையிலே மனம் இளகுவதில்லை, பத்தியிலே இளகுகின்றது. பிரமவித்தைக்குத் தகுதியுடையவர் நால்வகைச் சாதனங்களும் நிரம்பிய துறவியர். பத்திக்குத் தகுதியுடையன உயிர்கள் யாவும். அக்காலத்துக் காசித் துறவி ஒருவர் இதனைக் கூறியது சிறிய செயலன்று. மேலும், பத்தி வேறொன்றை அடைவதற்கு வழியன்று. தானே முடிந்த பயன் என்கின்றார். இறைவன் ஆனந்த சொரூபி. அவன் பதிந்த மனத்திலே நிற்பது ஆனந்தம். ஆனந்தத்தைப் பெற்றவன் அதனைக் கொண்டு வேறு எதனை வாங்கப் போகின்றான்?

ஞானம் பெற்ற பின்னர் பத்தி எதற்கு என்ற பழைய வினாவிற்குக் கீதைக்கு அவர் எழுதிய கூடார்த்ததீபிகை உரையின் முகப்பிலே விடை உள்ளது. சீவன்முத்தனுடைய பத்திக்குப் பயன் கற்பிக்க வேண்டியதில்லை. பகையின்மை முதலிய குணங்கள் அவனுக்கு எவ்வாறு இயல்போ, அவ்வாறே இறைவனைப் போற்றுதலும் இயல்பு என்பது அவர் கருத்து. ஞானம் பெற்றவன் இனிமேல் யாரையும் வெறுக்கக்கூடாது என்று எண்ணி முயல்வதில்லை. வெறுப்பு அவனிடம் எழுவதேயில்லை. அங்ஙனமே அவன் கும்பிட வேண்டும் என்று கருதிக் கும்பிடுவதில்லை. கை தானே குவிகின்றது. அதே உரையின் இறுதியிலே சரணாகதியை மூன்று படியாகவும் காட்டுகின்றார்: நான் அவனுடையவன், அவன் என்னுடையவன், அவனே நான்.

இதிலே குறையில்லையோ எனின், உண்டு. உருவும் பெயரும் உடைய யாவும் மித்தை என்று அத்துவைதசித்தியிலே நிறுவியவர், குழலூதும் கண்ணனுக்கு மேலான ஓர் உண்மையைத் தாம் அறியேன் என்ற கருத்துப்படக் கூடார்த்ததீபிகையிலே பாடி வைத்திருக்கின்றார். இரண்டையும் பொருத்துவதற்கு அவர் கூறும் நியாயங்கள் நமது அறிவை முழுதும் நிறைவிக்கவில்லை. தருக்கத்திலே சங்கரர் நிலையே உறுதியானது. ஆனால் மனிதரை அறிந்தவர் யார் என்று கேட்டால் நாம் மதுசூதனரையே சுட்டுவோம்.

சைவ வாசகருக்கு இவ்விடத்திலே ஒன்று நினைவிற்கு வரலாம். மெய்கண்டதேவர் அத்துவிதம் என்ற சொல்லுக்கு ஒன்று என்று பொருள் கொள்ளாது, இரண்டன்மை என்று பொருள் கொண்டவர். அவருடைய சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், முத்தி நிலை எய்தியோனை மெய்யன்பரோடு கூட்டி, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழச் சொல்லுகின்றது. நூலின் முடிவு கோயில் வாசலிலே நிகழ்கின்றது. கொள்கையால் எதிரெதிர் நின்ற இரு மரபினர், ஞானியைக் கொணர்ந்து விட்ட இடம் ஏறத்தாழ ஒன்றாகவே இருத்தல் வியப்பன்றோ?

நூல்களை விட்டு மனிதரிடம் வருவோம். 1865ஆம் ஆண்டளவிலே கல்கத்தாவை அடுத்த தட்சிணேசுவரத்திற்குத் தோதாபுரி என்ற துறவி வந்தார். இராமகிருட்டிணருக்கு அத்துவித சாதனையை உபதேசித்தார். மூன்று நாளுக்குமேல் ஓரிடத்தில் தங்காதவர், சீடரின் சமாதி நிலையைக் கண்டு அங்கே பதினொரு மாதம் தங்கினார். ஆயினும் காளி வழிபாட்டை அவர் பொருட்படுத்தவில்லை. மாலையிலே இராமகிருட்டிணர் கைகொட்டி இறைநாமம் பாடுவதைக் கண்டு, ரொட்டி தட்டுகின்றாயா என்று பரிகசித்தாராம். பின்பு தோதாபுரியைக் கடுமையான வயிற்றுளைவு பற்றியது. உடல் வருத்தம் மனத்தைத் தியானத்திலே நிற்க விடவில்லை. இந்த உடலே வேண்டாம் என்று ஓரிரவு கங்கையிலே இறங்கி நடந்தார். எவ்வளவு தூரம் நடந்தும் மூழ்குவதற்கு ஆழம் கிடைக்கவில்லை. சாவதற்கும் அவள் இசைவு வேண்டும் என்பது அப்போது அவருக்குப் புலப்பட்டது. நீரிலும் நிலத்திலும் அன்னையையே கண்டு கரை திரும்பினார். அடுத்த நாள் காளி கோயிலிலே விழுந்து வணங்கிய பின்னரே ஊரை விட்டுப் புறப்பட்டார். இராமகிருட்டிணரின் சீடராகிய சாரதானந்தர் எழுதிய வரலாற்றிலே இச்செய்தி காணப்படுகின்றது. குருவுக்குச் சீடர் கற்பித்த பாடம் அது.

நமக்கு இன்னும் அணித்தானவர் திருவண்ணாமலை இரமண மகரிஷி. "நான் யார்?" என்ற விசாரணையையே வழியாகக் காட்டிய அவரினும் தூய அத்துவிதி ஒருவரை அண்மைக் காலத்திலே காண்பது அரிது. அவரே அருணாசலத்தை நாயகனாக வைத்து 108 கண்ணிகளால் அட்சரமணமாலையைப் பாடினார். அடியவர் பிச்சைக்குச் செல்லும்போது பாடிச்சென்ற பாட்டு அது. விசாரணை செய், இயலாவிட்டால் சரணடை, இரண்டும் ஒன்றே என்பது அவர் அடிக்கடி உணர்த்திய நெறி.

அவர் வாழ்க்கையிலே நடந்த ஒன்றைத்தான் அந்த மாணவியிடம் கூறலாம் என்று நாம் எண்ணியுள்ளோம். 1896ஆம் ஆண்டு யூலை மாதம், மதுரையிலே, வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பள்ளிமாணவனை மரணபயம் திடீரெனப் பற்றியது. அவன் பிணம்போலக் கிடந்து, இறப்பது எது என்று உள்ளே நோக்கினான். உடல் இறந்தாலும் இறவாத "நான்" எதுவென அக்கணமே தெளிந்தது. அத்தெளிவு பின்னர் ஒருபோதும் அவனை விட்டு நீங்கவில்லை. அதற்கு முன்பு தோழருடன் எப்போதாவது மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வந்திருக்கின்றான், திருநீறிட்டுக்கொண்டு திரும்பியிருக்கின்றான், உள்ளத்திலே எவ்வித மாற்றமும் உண்டானதில்லை. ஞானம் வந்த பின்போ ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் தனியே கோயிலுக்குச் செல்லத் தொடங்கினான். நம்மூர்க் கோயில்களிலே புராணபடனத்தில் நாம் கேட்டு வளர்ந்த அதே பெரியபுராணத்தை அவனும் முன்னரே படித்திருந்தான். அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன்னே நெடுநேரம் நிற்பான். அவர்களுடைய பத்தி தனக்கும் வாய்க்க வேண்டும் என்று சில வேளை வேண்டுவான். சில வேளை ஒன்றும் வேண்டமாட்டான். கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். ஆகத்து 29ஆம் நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டுச் செப்தெம்பர் முதலாம் நாள் திருவண்ணாமலையை அடைந்தவன், கோயிலுக்குள்ளே நேரே சென்று அருணாசலேசுவரர் திருமுன்னே நின்று, தான் வந்துவிட்ட செய்தியைத் தந்தையிடம் தெரிவித்தான்.